கொளுத்தாத டயர்

விசாரணை அதிகாரி பாலிதீன் பையின் வாயைப் பிரித்து அவள் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்கம்மா. இந்த வாசனையா?"

உள்ளே உள்ளங்கை அளவு இரும்பு. கருகிய கிரீஸ் தார் போல அப்பிக் கிடந்தது. கவிழ்ந்த சரக்கு ரயிலிலிருந்து பெயர்த்து வந்தது. ஓடும்போதே ஒரு பெட்டியின் அச்சு பழுக்கக் காய்ந்து, ஏரி வளைவில் முறிந்திருக்கிறது. பின்னால் வந்த அம்மோனியா டேங்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துவிட்டன.

அவள் மோந்தாள்.

இதே வாசனைதான்.

வேறு எதை மறந்தாலும் இதை மறக்க முடியுமா? அன்று காலை கேட் அறை வாசலில் பச்சைக் கொடியோடு நின்றிருந்தாள். வண்டி கடக்கும்போது எது தொங்குகிறது, எது புகைகிறது, எது கருகுகிறது என்று கண்ணையும் மூக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். கேட் கீப்பர் வேலையே அதுதான். சும்மா மூடித் திறக்க ஒரு ஆள் எதற்கு? கடைசிப் பெட்டியில் வரும் கார்டுக்குப் பச்சைக் கொடி காட்டினால், எல்லாம் சரியாக இருக்கிறது, போகலாம் என்று அர்த்தம்.

காட்டினாள்.

ஏனென்றால் அன்று போகி.

விடிந்ததிலிருந்து பழைய பாய், துடைப்பம், சைக்கிள் டயர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கருகல். பனியும் புகையும் சேர்ந்து எதிர் வயலே தெரியவில்லை. எங்கேயோ பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றத்தில் அச்சு கருகுகிறதா, டயர் கருகுகிறதா, யார் கண்டது!

முந்தைய ஸ்டேஷனில் கொடி பிடித்தவரும் இதையேதான் சொன்னாராம். அதற்கு முந்தைய கேட்காரரும் இதையேதான்.

விசாரிக்க வந்த அதிகாரி அதட்டுகிற ஆளாக இருந்திருக்கலாம். இவர் அப்படி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எல்லாருமே போகின்னுதான் நெனச்சிருக்காங்க, கன்னியம்மா. நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க? செத்தவங்களே அம்மோனியா வெள்ளையா வந்ததைப் பாத்துட்டு, போகிப் புகைதானேன்னு ஓடாம உக்காந்திருந்தாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செத்தவர்களில் அவள் தங்கை சுகுணா உண்டு. சுகுணாவின் பிள்ளைகள் உண்டு.

கேட்டில் நின்றாலே தங்கை ஊர் தெரியும். வயலில் இறங்கி நடந்தால் கூப்பிடு தூரம். தண்டவாளம் மட்டும் ஏரியைச் சுற்றிக்கொண்டு, நடுவில் ஒரு ஸ்டேஷனைத் தொட்டுவிட்டு, சாவகாசமாக அங்கே போய்ச் சேரும். கேட் அறையில் போன் இருக்கிறது. எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

அன்று அந்தப் போனை அவள் எடுக்கவில்லை. தன் செல்போனைத்தான் எடுத்தாள்.

அதிகாரி எழுதிய தாளையும் பேனாவையும் நீட்டினார். "கருகல் வாசனை வந்துச்சு, போகின்னு நெனச்சேன். இப்படி எழுதியிருக்கேன். கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா."

கூட வேலை பார்ப்பவர்கள் வெளியே காத்திருந்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று காலையிலேயே ஆறுதல் சொல்லியாகிவிட்டது. வேலைக்கு ஒன்றும் ஆகாதாம்.

அட பாவிகளா, போனது தலைதானே!

பேனாவை வாங்கினாள். பேனாவை வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரலால் தேடி, அழுத்தினாள்.

முதலில் வந்தது அவள் குரல். போகி காலையில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது. பின்னால், தூரத்தில் தேய்ந்து போகும் வண்டிச் சத்தம்.

"ஏண்டி சுகுணா, எத்தினி டயர்டி போட்டுக் கொளுத்துற? நாத்தம் எங்க கேட்டு வரிக்கும் வருது!"

அடுத்து தங்கை. மேளச் சத்தத்துக்கு நடுவே, சிரித்துக்கொண்டு.

"அய்ய, நாங்க எங்கக்கா கொளுத்தினோம்? எங்க தெருவுல இன்னும் ஒருத்தரும் பத்தவே வெக்கல. டயரு அப்படியே வாசல்ல கீது. பெரியம்மா வந்தாத்தான் கொளுத்துவோம்னு ரெண்டும் ஒத்தக் கால்ல நிக்குதுங்க. சீக்கிரம் வாயேன்."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

அன்றும் இதை இப்படித்தான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். பச்சைக் கொடி இன்னும் கையில் இருந்தது. வண்டி அப்போது ஸ்டேஷனைக்கூடத் தொட்டிருக்காது. அங்கே யாரும் கொளுத்தவில்லை என்றால், இவ்வளவு நேரம் மூக்கில் ஏறியது என்ன வாசனை?

அந்த ஒரு கேள்வி அப்போது வரவில்லை. இப்போது வேறு எதுவுமே வருவதில்லை. சோறு உள்ளே இறங்குவதில்லை. கண்ணை மூடினால் வாசலில் அந்த டயர் கிடக்கிறது.

அன்று சிரித்துவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரிகளுக்காகக் கேட்டைத் திறக்கப் போனாள் அவள்.

அதிகாரி பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். எழுதியதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் கேக்கலம்மா. வேற யாரும் கேக்க வேணாம். உள்ள வெச்சிடுங்க."

பேனாவை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் எழுந்தாள்.

சாத்திய கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து, மறுபடியும் அழுத்தினாள்.