பாதிப் பெயர்

ஆர்லிஸின் பெயர் பொய்ப்பெயர் என்று சொல்லி அவளுடைய சமூக வலைத்தளக் கணக்கை முடக்கிப் போட்டுவிட்டார்கள்.

முழுப்பெயர் ஆர்லிஸ் கம்ஸ் இன் ரெய்ன். மழையில் வருகிறவர் என்று அர்த்தம். பாட்டனுக்குப் பாட்டன் வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை. செத்தான் என்று ஊர் அழுது ஓய்ந்த பிறகு, ஒரு மழையோடு மழையாக வந்து நின்றாராம். அன்றைக்கு விழுந்த பெயரைத்தான் அந்த அமெரிக்கப் பழங்குடிக் குடும்பம், லக்கோட்டா இனம், நாலு தலைமுறையாகச் சுமக்கிறது.

'உங்கள் உண்மையான பெயரைத் தரவும்' என்று கடிதம் வந்தது. டிரைவிங் லைசென்ஸைப் படம் பிடித்து அனுப்பினாள். மறுபடியும் அதே கடிதம். பழங்குடி அடையாள அட்டையை அனுப்பினாள். அது செல்லாதாம். கரண்ட் பில்லை அனுப்பினாள். அதற்குப் பதிலே இல்லை.

மூன்று வாரம் ஓடிவிட்டது.

வேறு நேரமாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். டேனிகா காணாமல் போய் நாலு மாதம் ஆகிறது. செத்துப்போன தங்கையின் மகள். எட்டு வயதிலிருந்து ஆர்லிஸ்தான் வளர்த்தாள். பத்தொன்பது வயதில், வடக்கே எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் வேலை இருக்கிறதென்று ஒருத்தன் கூட்டிப்போனான். அவள் போன் மட்டும் நெடுஞ்சாலையோரப் புல்லில் கிடந்தது. போலீஸ்காரர் வந்து இரண்டு தாள் எழுதிக்கொண்டு போனார். அதோடு சரி.

"அவளுக்கு ஒரு நம்பரும் மனப்பாடம் கிடையாதுடா," என்றாள் ஆர்லிஸ், தம்பி லைலிடம். "எவன் போனாவது கைக்குக் கிடைச்சா என் பேரைப் போட்டுத்தான் தேடுவா. அந்தக் கதவைத்தான் சாத்தி வச்சிருக்கானுங்க."

லைல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான். "அப்போ பேரை வெட்டிடுக்கா. வெறும் ரெய்ன்னு போடு. நாலு தலைமுறையா நாம மழையில வந்தோம். இனிமே மழை மட்டும் வரட்டுமே."

கோபம் வந்தது. ஆனாலும் வெட்டினாள்.

ஆர்லிஸ் ரெய்ன். பத்தே நிமிடத்தில் கணக்கு திறந்துகொண்டது. பெயருக்குப் பக்கத்தில் சரிபார்த்தாயிற்று என்று ஒரு நீல அடையாளம் வேறு.

பெற்ற அப்பனை வாசலில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனது மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் மத்தியானம் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவருக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை.

"இது நெஜமாவே ஆர்லிஸா?"

மே மாதம் இப்படித்தான் முகமில்லாத ஒருத்தன், டேனிகாவை ராப்பிட் சிட்டியில் ஒரு விடுதி வாசலில் பார்த்ததாக எழுதினான். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப்போய், இருட்டும்வரை அந்த வாசலில் நின்றாள். கடைசியில் அவன் அனுப்பியது ஒரு சிரிக்கிற பொம்மை முகம்.

"ஆமா. நீ யாரு?" என்று தட்டினாள்.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்க."

லைல் எட்டிப் பார்த்தான். "சொல்லித் தொலையேன்க்கா. பேருதானே?"

"மூணு வாரமா ஒரு கூட்டம் எங்கிட்ட அதைத்தான் கேட்டுச்சு. இப்போ இந்த மூஞ்சியில்லாததும் கேக்குதா?" வேகமாகத் தட்டினாள். "முதல்ல நீ உன் பேரைச் சொல்லு. மூஞ்சியைக் காட்டு. யோக்கியமா இருந்தா எதுக்கு ஒளியணும்?"

பதில் வந்தது.

"இப்போ முடியாது. முழுப் பேரை மட்டும் சொல்லுங்க. சீக்கிரம்."

"பாத்தியா?" என்றாள் லைலிடம். "அதே சீக்கிரம். மே மாசம் அவனும் இப்படித்தான் அவசரப்படுத்துனான்."

"எதுக்கும் கொஞ்சம் பொறுத்துப் பாரேன்," என்றான் லைல். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"இன்னொரு தடவை அந்த வாசல்ல போய் நிக்க என் உடம்புல தெம்பு இல்லடா."

புகார் செய்யும் பொத்தானை அழுத்தினாள். என்ன குற்றம் என்று கேட்டது. 'போலிக் கணக்கு' என்பதைத் தொட்டாள். அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைக்கப் போனாள்.

அதற்குள் இன்னொரு செய்தி வந்து விழுந்தது.

"பெரியம்மா, நான்தான். பேரு பாதியா இருந்துச்சு. உங்க படத்தைப் போட்டு, கூட்டிட்டு வந்தவன்தான் என்னைப் புடிக்கப் பாக்குறானோன்னு பயந்துட்டேன். இது வேற ஒருத்தங்க போன். நான் இப்போ இருக்குற இடம்"

அதற்குமேல் எழுத்து இல்லை. ஆர்லிஸ் கண்ணெதிரிலேயே அந்த மொட்டைத் தலை மறைந்துபோனது. அவள் முழுப்பெயரை மூன்று வாரமாகியும் ஏற்காதவர்கள், இந்தத் தடவை ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

திரையில் ஒரு வரி நின்றது.

'உண்மையான பெயர் இல்லாத ஒரு கணக்கை நீக்கிவிட்டோம். உதவிக்கு நன்றி, ஆர்லிஸ் ரெய்ன்.'