முதலிடத்தில் உளி

அக்கா புருஷனின் விருந்துக்குத் தம்பி வாங்கி வந்த கேக்குதான் மேசையிலேயே பெரியது. க்ரீமில் ‘முதலிடம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“பரவால்லையே மச்சான், வயித்தெரிச்சல் இல்லாம வாங்கிட்டு வந்திருக்கே” என்றார் அத்தான். தம்பி சிரித்துவைத்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டு தட்டுகளை அடுக்கினாள்.

அத்தான் உருவாக்கிய லினக்ஸுக்கு ‘உளி’ என்று பெயர். கணினியை இயக்கும் மென்பொருளான லினக்ஸில் ஆளாளுக்கு ஒரு வகை உண்டு. உளி கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, எல்லாவற்றையும் கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அதை வைத்திருந்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம். தங்களை ஜாம்பவான்கள் என்று சொல்லிக்கொள்வார்கள்.

தம்பியும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். சாதாரண ஜனங்களும் உளியைப் பயன்படுத்தட்டும் என்று, படத்தைப் பார்த்து அழுத்தினால் போதும் என்கிற மாதிரி ஒன்றை ராப்பகலாக எழுதினான். அத்தான் அதை எல்லோர் முன்னாலும் திரையில் போட்டுக் காட்டினார்.

“இதை எங்க வீட்டுச் சமையல்காரம்மாகூட ஓட்டுவாங்க. அப்புறம் நமக்கு என்ன மரியாதை?”

சிரிப்பு அடங்குவதற்குள் தம்பியின் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குத் தொண்டையில் சோறு இறங்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் சேர்ந்து இறங்கியது. இந்த மனுஷன் குப்புற விழுவதைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டான்.

நடந்தது நேர்மாறு. எந்த லினக்ஸின் பக்கத்தை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று எண்ணி வரிசைப்படுத்தும் இணையதளம் ஒன்று உண்டு. அதில் அடிமட்டத்தில் கிடந்த உளி கிடுகிடுவென்று ஏறி, இப்போது உச்சியில் உட்கார்ந்திருந்தது. அதற்குத்தான் இந்த விருந்து.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்துவந்த தம்பியே, குழு தள்ளிவிட்ட பொத்தான்களைச் சேர்த்து, கடைக்கு வரும் கணினிகளில் எல்லாம் உளியைத்தான் போட்டுக்கொடுத்தான். அவற்றில் இணையத்துக்குள் போனாலே அந்த இணையதளத்தில் உளிக்கான பக்கம்தான் முதலில் வந்து நிற்கும். அக்காவின் லேப்டாப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்த அத்தான், பையன் கடைசியில் வழிக்கு வந்துவிட்டான் என்று பூரித்துப்போனார்.

இன்றைக்கு இன்னொரு காரியமும் இருந்தது. பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று தன் கணினிகள் முழுவதிலும் உளியைப் போட்டு, அத்தானையே தலைமைப் பொறியாளராக வைத்துக்கொள்ளப் பார்த்தது. இயக்குநர் விருந்துக்கு வருவார். ஜாம்பவான்கள் ஒரு வார்த்தை சொன்னால் வேலை உத்தரவு கைக்கு வந்துவிடும். அந்த நம்பிக்கையில் அத்தான் இருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டார்.

முதலில் வந்தவர் தையல்காரர். பேத்தியின் படத்தைத் திரையில் எப்படி வைப்பது என்று கேட்டார். அடுத்து வந்த டிரைவிங் ஸ்கூல்காரர் பிரிண்டரையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். நேற்றுவரை ஓடியதாம், உளி போட்டதும் முனகுகிறதாம்.

பியூட்டி பார்லர் அம்மா அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “நீங்கதான் மொத இடத்துல இருக்கீங்கன்னு நானும் மாத்திக்கிட்டேன் சார். எழுத்துதான் எறும்பு மாதிரி தெரியுது.”

கூடம் நிறைந்துவிட்டது. ஜாம்பவான்களுக்காகப் போட்டிருந்த முன்வரிசை மட்டும் காலியாகக் கிடந்தது. அத்தான் பால்கனிக்குப் போய், அவர்களில் மூத்தவருக்குப் போன் போட்டார். தம்பியும் தண்ணீர் எடுத்துப் போகிற சாக்கில் பின்னால் போய் நின்றான்.

மூத்தவர் சுற்றி வளைக்கவில்லை. “தப்பா நெனைக்காதே. தையல்காரர்லேர்ந்து எல்லாரும் வெச்சிருக்கறதையே நாங்களும் வெச்சிருந்தா, எங்களை எவன் மதிப்பான்?”

அவர்கள் எல்லோரும் யாருக்கும் பெயர் தெரியாத வேறொரு லினக்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். காலையிலேயே இயக்குநரிடமும் சொல்லியாயிற்றாம். ஆய்வுக்கூடத்துக்கும் அதுதானாம்; தலைமைப் பொறியாளரும் அந்த லினக்ஸ்காரர்தானாம்.

அத்தான் கூடத்துக்கு வந்து முன்வரிசையில் பொத்தென்று உட்கார்ந்தார். இவ்வளவு பேரும் எங்கிருந்து முளைத்தார்கள் என்று, யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்டார்.

தையல்காரர் பெருமையாகப் பதில் சொன்னார். “எல்லாம் உங்க மச்சினன் கைங்கரியம்தான். எங்க தெரு பூரா போட்டுக் குடுத்திருக்காரு. விருந்துக்குக் கூப்பிட்டதும் அவருதான். மத்த ஊர்ல கடை வெச்சிருக்கற அவரு சிநேகிதங்களும் இதையேதான் போடறாங்களாம்.”

அத்தான் மெல்லத் தம்பி பக்கம் திரும்பினார்.

“எனக்கு என்னடா பண்ணி வெச்சே?”

தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி எதிரில் உட்கார்ந்தான்.

“உங்களை ஜெயிக்க வெச்சேன், அத்தான்.”