டைகர் தின்றது

டைகர் வாயைத் திறக்க மறுத்தது.

சிவப்பிரகாசம் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி வைஜெயந்தி நாயின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கால்நடை டாக்டர் வினோதினி ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் இடுக்கியுமாகக் காத்திருந்தார்.

நேற்றிலிருந்து நாய் எதையும் தின்னவில்லை. காலால் மூஞ்சியைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. கடைவாயில் எச்சில் ஒழுகியது.

"என்ன சாப்பாடு போடுறீங்க?"

"சுத்த சைவம் டாக்டர்," என்றார் சிவப்பிரகாசம். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவர் அவர்.

மரக்காணம் உப்பளத்தில் அவர் மேஸ்திரி. தைப்பூசத்துக்கு வடலூர் போய்வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் மீன் இல்லை, கறி இல்லை, முட்டையும் இல்லை. வீடு என்றால் மூன்று ஜீவன். அதில் ஒன்று டைகர்.

உப்பு வாரும் பெண்கள் சிரித்தார்கள். சாம்பார் சோறு நாய்க்கு எப்படிச் செரிக்கும் என்று டீக்கடையில் அப்பாதுரை கேட்டான். சிவப்பிரகாசம் கோபப்படவில்லை. போனில் வீடியோ பார்த்து எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். ஓநாய்க்குத்தான் சோறு ஒத்துக்கொள்ளாது. நாய் மனிதனை அண்டி, தலைமுறை தலைமுறையாக அவன் சோற்றைத் தின்று, குடலே அதற்குப் பழகிவிட்டது.

என்ன, காய்கறியைப் பச்சையாகப் போட்டால் போட்டபடியே வெளியே வந்துவிடும். அதையும் அவர் சோதித்துப் பார்த்திருந்தார். கேரட் கேரட்டாகவே வந்தது.

எனவே வேகவைத்தார். பரங்கிக்காயும் கேரட்டும் பாசிப்பருப்பும் குழையக் குழைய வெந்ததும் சோற்றில் பிசைந்து, ஆறவைத்து, தன் கையாலேயே வைப்பார். உப்பு மட்டும் சேர்க்கமாட்டார். நாய்க்கு உப்பு ஆகாது.

டைகர் தின்றது. இளைக்கவில்லை. போகப்போக அதன் முதுகு பளபளவென்று ஆனது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த முதுகைத் தடவிக் காட்டி, எல்லாம் பரங்கிக்காய் என்பார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டார்.

"வேகவச்சா தாராளமா செரிக்கும்ங்க. ஆனா அதுகூட முட்டை, மீனுன்னு எதுனா கொஞ்சம் சேர்த்தா..."

இடுக்கி எதையோ பற்றியது. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு மெல்ல இழுத்தார்.

மீன் முள். மேல்வாயில், இந்தப் பக்கத்துப் பல்லுக்கும் அந்தப் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே குறுக்காக மாட்டியிருந்தது.

டாக்டர் அதைத் தட்டில் போட்டார். மூன்று பேரும் பார்த்தார்கள். டைகர் நாக்கால் மேல்வாயைத் தடவிப் பார்த்துவிட்டு வாலை ஆட்டியது.

"தெருவுல எங்கனா பொறுக்கியிருக்கும்," என்றாள் வைஜெயந்தி. சுவரில் ஒட்டியிருந்த கோமாரி தடுப்பூசிப் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

டைகரைக் கட்டிப்போட்டுத்தான் வளர்த்தார்கள்.

முள்ளில் ஒரு நார் சுற்றியிருந்தது. மஞ்சள் ஏறிய மாங்காய் நார். சிவப்பிரகாசம் அதையே பார்த்தார். அதுவும் சைவம்தான். ஆனால் டைகருக்கு அவர் மாங்காய் வைத்ததில்லை.

சங்கரா மீன் குழம்பை இறக்கப்போகும் நேரத்தில், தோல் சீவாமல் நறுக்கிய மாங்காயைப் போடுவது வைஜெயந்தியின் பழக்கம். கல்யாணமான புதிதில் அந்தக் குழம்புக்காகவே மத்தியான வெயிலில் உப்பளத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

அவர் வாயில் எச்சில் ஊறியது. யாருக்கும் தெரியாமல் விழுங்கினார்.

வடலூரில் சத்தியம் செய்தவர் அவர். அவளிடம் யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்த அன்றே மீன் சட்டியைத் தூக்கி வெளியே குப்பைமேட்டில் வைத்தவரும் அவர்தான். மறுநாள் காலையில் சட்டி அங்கே இல்லை. யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"உடம்பு நல்லா இருக்குதுங்க," என்று டாக்டர் டைகரின் முதுகைத் தட்டினார். "மீனு எங்க தின்னுச்சுன்னு மட்டும் பார்த்துக்கோங்க."

வைஜெயந்தியின் கை நாயின் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தெருவுலதான் டாக்டர்," என்றார் சிவப்பிரகாசம்.

வண்டியில் திரும்பும்போது இருவருக்கும் நடுவில் டைகர் உட்கார்ந்து வந்தது. வழி நெடுகக் குழம்பு வாசம். அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

வீட்டில் அவள் பரங்கிக்காய்ச் சோற்றைப் பிசைந்து வைத்தாள். டைகர் தட்டை நக்கிக் காலி செய்தது.

சிவப்பிரகாசம் கை கழுவிக்கொண்டே சொன்னார். "நாளைக்குக் காலைல பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போறேன். வர்றதுக்குப் பொழுது சாஞ்சிடும். இனிமே ஞாயித்துக்கிழமைன்னா போலாம்னு இருக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சோறு கட்டித் தரட்டுங்களா?"

"வேணாம்."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"முள்ள மட்டும் அதுக்குப் போடாத."