பதினேழு பெயர்கள்

அப்பா கடைசி அத்தியாயத்தை வாசித்து முடிக்கும்வரை தேனுஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழரின் வரலாற்றை எழுதத் தொடங்கியவர் அப்பா விமலநாதன். கை நடுங்கத் தொடங்கியதும் மிச்சத்தை மகன் சுலக்‌ஷனிடம் ஒப்படைத்திருந்தார்.

"அண்ணன் என்னைவிட நல்லா எழுதியிருக்கிறான்," என்றார். "நீ யூனிவேர்சிட்டியில படிக்கிற அந்தப் பழைய சீனக் குடும்பமும் இப்பிடித்தானே? தகப்பன் தொடங்கின வரலாற்றை மகன் எழுதினவன்."

"ஓம் அப்பா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கட முதல் பொங்கல் விழாவுக்குச் சமைச்ச பதினேழு பொம்பிளையளின்ர பெயரும் இதில இருக்கு. என்ர குறிப்புக் கொப்பியில ஒண்டுகூட இல்லை."

"அண்ணா விசாரிச்சிருப்பார்."

"அவனோ? அம்மாவின்ர முழுப்பெயரே அவனுக்குத் தெரியாது."

தேனுஜா நடப்பதை நிறுத்தினாள்.

"அந்தச் சீன வரலாற்றைக் கடைசியில ஆர் முடிச்சது?" என்று கேட்டார் அப்பா.

"அண்ணன் செத்தாப்பிறகு… தங்கச்சி."

விமலநாதன் புத்தகத்துக்கான முன்னட்டையையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

"உன்ர அண்ணன் சாகேல்லை, பந்தடி மட்ச் பார்க்கத்தான் போயிருக்கிறான். எண்டாலும், எழுதினவளின்ர பெயரைப் போடு."