சக்கரம் இல்லாத சிங்க வண்டி

“இந்த வண்டிக்கு ஏன் சக்கரமே இல்ல?” என்று அசபியா கேட்டாள். கட்டுப் போட்ட வலது கையை மார்போடு அணைத்தபடி, அவள் லாரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பார்க்குக்குப் போனதும் மாட்டுவாங்க. நீ தள்ளி நில்லு” என்றாள் அவள் அம்மா ஓஃபோரிவா. தலையில் ரொட்டிக் கூடை. கையில் மண்ணெண்ணெய்ப் புட்டி.

தார்ப்பாயைக் காற்று பிய்த்துக்கொண்டு போனதால் வந்த வினை. லாரியின் மேல் பளபளவென்று ஒரு ரோலர் கோஸ்டர் வண்டி: சிவப்பு உடம்பு, மஞ்சள் கோடு, முன்னால் சிங்க முகம். போன மாதம் இதே நிசவாம் ஊர்ப் பார்க்கில் தடம் புரண்டதும் அதே சிவப்பு, அதே சிங்கம்.

அன்று பல பிள்ளைகளுக்குக் கை கால் முறிந்தது. அசபியாவுக்குக் கையோடு போயிற்று; அவள் இருந்த வண்டி மட்டும் வளைவின் விளிம்பில் வந்து அப்படியே நின்றுவிட்டது. ஆண்டவர்தான் பிடித்து நிறுத்தினார் என்று ஓஃபோரிவா ஞாயிறுதோறும் சர்ச்சில் சாட்சி சொல்லி அழுகிறாள்.

ரொட்டி விற்கும் பெண்கள் சாலையின் குறுக்கே கூடைகளை வரிசையாக இறக்கிவிட்டார்கள். லாரி நகர வேண்டுமென்றால் சுடச்சுட ரொட்டியின் மேல்தான் ஏற வேண்டும்.

டிரைவர் அடோட்டே கீழே குதித்தான். “அக்கா, விடியறதுக்குள்ள இதைக் குவாஹு மலையில சேர்க்கணும். இல்லேன்னா எங்க பட்டறை மானமே போயிடும்.”

“அங்கேயும் பார்க் திறக்குறாங்களா?” என்றாள் ஓஃபோரிவா.

“அதை வழியில பேசக் கூடாது அக்கா. நாளைக்குச் சனிக்கிழமைதான் ஊருக்குக் காட்டணும்னு கட்டளை.”

“கேட்டுக்குங்க, திறப்பு விழாவாம்” என்றார் ஒடாமே வாத்தியார். விபத்து நடந்த நாளிலிருந்து தினமும் எஃப்எம்முக்குப் போன் போட்டுப் பாதுகாப்பைப் பற்றி முழங்குகிறவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

“எத்தனை பேர் ஏறலாம்?”

“ஒருத்தர்தான் சார்.”

“ஒருத்தரை வச்சு ஓட்டினா எப்படிக் கட்டுப்படியாகும்? சரி, என்ன வேகம்?”

“நடக்குற வேகம்தான். நடுவுல கொஞ்சம் ஆடும், சுத்தும். பின்னால போயிட்டு மறுபடி முன்னால வரும். மேளம் உண்டு.”

“மேளமா?”

“மேளம், பாட்டு, எல்லாம் உண்டு சார்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “அப்ப எனக்கு முதல் டிக்கெட்டைப் போடு அண்ணே” என்று ஒரு மினிபஸ் கண்டக்டர் கத்தினான்.

அடோட்டே பதறிப்போய், கெட்டது விலகட்டும் என்று தன் தலையைச் சுற்றி விரல்களைச் சொடுக்கினான். “விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதே தம்பி.”

“பெல்ட் எங்கே?” என்றார் வாத்தியார்.

“பெல்ட் தேவைப்படாது சார்.”

சிரிப்பு சட்டென்று நின்றது.

“தேவைப்படாதாம். அந்தப் பார்க்குல பிரேக் பிடிக்கிறவன் மாதிரியே பேசுறான் பாரு” என்றாள் ஒருத்தி. “பிள்ளைங்களை மேலே தொங்கவிட்டுட்டு ஓடினவன்தானே அவன். இன்னிக்கு வரைக்கும் ஆளைக் காணோம்.”

அடோட்டே ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு திரும்பி, லாரியின் பக்கப் பலகைக் கொக்கியை இறுக்கினான்.

“என்ன பேச்சு இவன்கிட்ட? கொளுத்து ஓஃபோரிவா” என்றன பல குரல்கள்.

அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு லாரிமேல் ஏறினாள். இன்னொரு தாய் தன்னைப் போல ஆஸ்பத்திரி வாசலில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம். வண்டியின் மேல்பாகத்தைத் தூக்கி, உள்ளே மண்ணெண்ணெயை ஊற்றக் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு புட்டியை மூடி, மேல்பாகத்தை, தூங்கும் குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல மெல்ல இறக்கினாள்.

“உள்ளே என்ன?” என்றார் வாத்தியார்.

“நல்லாப் பார்த்துட்டேன் சார். இதுல ஏறுறவங்களுக்கு ஒரு ஆபத்தும் வராது. கூடைங்களை எடுங்கடி.”

“நீ சொன்னா ஆச்சா? அதிகாரி கையெழுத்து எங்கே?”

“ரொட்டி ஆறுது சார். ஆறினதையெல்லாம் நீங்களே வாங்கிக்கிறீங்களா?”

வாத்தியார் இரண்டடி பின்வாங்கினார். அதற்குள் அக்ராவிலிருந்து ஒரு பஸ் வந்து நிற்க, பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல்களை நோக்கி ஓடினார்கள். அசபியாவும் அவர்கள் பின்னால் ஓடினாள். கண்டக்டர் ஓடினான். பஸ்ஸில் எஃப்எம் கேட்கிறதா என்று பார்க்க வாத்தியாரும் போனார்.

லாரியருகே ஓஃபோரிவாவும் டிரைவரும் மட்டும் நின்றார்கள். அவள் தோளில் கிடந்த புதுத் துணியை உருவினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கென்று வாங்கியது. அதை வண்டியின்மேல் விரித்து, சிங்க முகத்தையும் மறைத்து, காற்றில் பறக்காதபடி நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்டாள்.

“துணியை எப்படி அக்கா திருப்பித் தர்றது?”

“வேண்டாம், அவரோடயே போகட்டும்.” கூடையிலிருந்த மிருதுவான ரொட்டிகளாகப் பொறுக்கி அவன் இருக்கையில் வைத்தாள். “அழுது களைச்சவங்களுக்கு இதுதான் தொண்டையில இறங்கும். கொடுத்துடு.”

அடோட்டே கண்களைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

“உள்ளே வெள்ளைப் பட்டு மெத்தையையும் ஒத்தைத் தலையணையையும் பார்த்ததுமே புரிஞ்சுது. உங்க கடலோரத்துல, மனுஷன் செஞ்ச தொழில் எதுவோ அந்த வடிவத்துலயே சவப்பெட்டி செய்வீங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவரு யாரு தம்பி?”

அவன் பஸ்ஸருகே நின்ற சிறுமியையும் அவள் கைக்கட்டையும் ஒருமுறை பார்த்தான்.

“அவரு ஓடிப்போகல அக்கா, பார்க் முதலாளிங்கதான் யாருக்கும் தெரியாம அக்ரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. லீவர் நெஞ்சுல இடிச்சும் பிரேக்கை விடல.”