தினமும் திறக்கும் பூட்டு

“சாவி உங்ககிட்டயும் இருக்குல்லா அண்ணாச்சி? நான் வேலைக்குப் போனதும் ரூமுக்குள்ள வந்து ரவுட்டரை நோண்டுறது நீங்கதான்.”

“இன்னாபா பேசுற? நெட்டுன்னா இன்னான்னே எனக்குத் தெரியாது” என்றார் வீட்டுக்காரர் சின்னப்பையன்.

இருங்காட்டுக்கோட்டையில் அவருடைய மாடியறையில் தங்கி, கார் கம்பெனிக்குப் போகும் மாரிசெல்வத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வைஃபைக்குப் போடும் பழைய WEP பூட்டைச் சுலபமாக உடைத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, ரவுட்டரில் WPA2 என்ற வலுவான பூட்டைப் போட்டான். ஆனால் தினமும் வேலை முடிந்து வந்து பார்த்தால் பூட்டே இருக்காது. தெருவே அவன் நெட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து மனைவி முத்துச்செல்வி வீடியோவில் காட்டும் இரண்டு மாதப் பிள்ளையின் முகம் பாதியில் உறைந்துவிடும். அவன் இன்னும் பிள்ளையை நேரில் பார்க்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றுபோனதால் மதியமே திரும்பினான். அறைக்குள் ஒருவன் குண்டூசியால், போட்ட பூட்டையெல்லாம் அழித்துவிடும் ரவுட்டரின் ரீசெட் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான்.

மாரிசெல்வத்தின் ரூம்மேட் தளவாய். அவனுக்கு நைட் ஷிப்ட், இவனுக்கு டே ஷிப்ட். பகலெல்லாம் யார் வந்து போனாலும் தெரியாமல் தூங்குபவன் என்றுதான் மாரிசெல்வம் அவனை நினைத்திருந்தான். ஒரே பாயில் மாறி மாறிப் படுக்கும் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு மாதமாகிறது.

“வந்துட்டியால மாரி? வீட்டுக்காரர் தெனமும் நம்ம நெட்டைப் பூட்டிப் போடுதாருல. நீ பிள்ளையப் பாக்கணுமேன்னு, நானும் தெனமும் தூக்கத்துல எந்திச்சுத் தெறந்து வைக்கேன்.”

இனி ரவுட்டருக்கு எந்தப் பூட்டு என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்வார்கள். கீழே போய்ச் சின்னப்பையனிடம் மாரிசெல்வம் என்ன சொல்வது? உங்களுக்குத் தோன்றுவதைக் கொஞ்சம் எழுதுங்களேன்.