மாஸ்டர் வாங்கிய ஜாம்

“இது சரியில்ல. வா, போகலாம்” என்று மாஸ்டர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

கேக் கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பின்னே? தட்டில் இருந்த அத்தனை வகையிலும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தாகிவிட்டது. வாங்கியது ஒன்றும் இல்லை.

மாஸ்டரம்மாவுக்கு மானம் போயிற்று. விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“காலைலேருந்து இதே கூத்துதான். தேன் கடைல நக்கிப் பார்த்தீங்க, வேண்டாம்னுட்டீங்க. பிஸ்கட் கடைல பாதி டப்பா காலி, அதுவும் வேண்டாம்னுட்டீங்க. சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையா போறோம். வெறுங்கையை வீசிட்டுப் போய் நிக்கறதா? நாளைக்கு நம்ம பொண்ணுதான் பேச்சுக் கேக்கணும்!”

“வழியில இன்னும் கடை இருக்கும்மா.”

“கடை இருக்கும். உங்களுக்குத்தான் எதுவும் பிடிக்காதே!”

மாஸ்டர் வண்டியை எடுத்தார்.

பெரிய கம்பெனி ஒன்றின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர் அவர். அவர் கை பட்டால் வெறும் தண்ணீரும் மணக்கும் என்பார்கள். அந்தத் திமிர்தான் என்று மாஸ்டரம்மா நினைத்தாள். உலகத்தில் தன்னைத் தவிர எவனுக்கும் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்கிற மிதப்பு. இத்தனைக்கும் வீட்டில் அவள் எதைப் போட்டாலும் ‘பிரமாதம்’ என்று சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற மனுஷன். ரோட்டுக்கு வந்ததும் கொம்பு முளைத்துவிட்டது.

மத்தியானம் சாப்பிட நிறுத்திய இடத்தில் அதைவிட மோசம். அந்த ஊர்ச் சாப்பாடு அத்தனை நன்றாக இருந்தது. மாஸ்டரம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இவரோ அடுப்படிக்கே போய், “அதுல ஒரு கரண்டி, இதுல ஒரு கரண்டி” என்று ஒவ்வொரு பாத்திரமாகக் கேட்டு வாங்கி, கண்ணை மூடி மென்று, உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்தார்.

“நீங்களும் சமையல்காரர்தானே? உங்க சமையலுக்கு ஒருத்தன் இப்படி உதட்டைப் பிதுக்கினா எப்படி இருக்கும்?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“கஷ்டமாத்தான் இருக்கும்” என்றார் மாஸ்டர்.

அப்புறம் ஊர் வரும்வரை மாஸ்டரம்மா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரே ஒரு கடை இருந்தது. வீட்டிலேயே செய்து விற்கிற அம்மாள். அலமாரி முழுக்க ஜாடிகள்.

“இங்க ஏதாவது நொட்டை சொன்னீங்க, நான் இப்படியே பஸ் ஏறிடுவேன்” என்று மிரட்டிவிட்டுத்தான் மாஸ்டரம்மா இறங்கினாள்.

உள்ளே போனதும் மாஸ்டரின் கை ஓரத்தில் இருந்த ஒரு ஜாடிக்குத்தான் போயிற்று.

“ஐயோ, அது வேணாங்க” என்று கடைக்காரம்மா பதறினாள். “சரியாப் பழுக்காத பழத்தைப் போட்டுட்டேன். இந்தத் தடவை ஜாம் புளிச்சுக் கிடக்கு. தூக்கிப் போடத்தான் எடுத்து வச்சிருக்கேன்.”

அதற்குள் ஒரு ஸ்பூன் வாய்க்குள் போய்விட்டது.

மாஸ்டரின் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு ஸ்பூன் எடுத்தார். அதற்கு மேல் இன்னொன்று.

“இது எத்தனை ஜாடி இருக்கு?”

“ஒரு பத்துப் பன்னெண்டு…”

“எல்லாத்தையும் கட்டிடுங்க.”

மாஸ்டரம்மாவும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பல் கூசியது. அவ்வளவுதான், அவரை வாசலுக்கு இழுத்துவந்துவிட்டாள்.

“உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அவ்ளோ நல்ல கேக்கை வேண்டாம்னுட்டு, தூக்கிப் போடற ஜாமை வாங்கறீங்க! வாயில வைக்க முடியல. இப்படிப் புளிக்குது!”

“புளிக்குதில்ல?” என்றார் மாஸ்டர்.

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

“இல்லம்மா. எனக்கும் புளிக்குது.”

அவர் குரல் உடைந்திருந்தது.

“போன மாசம் எனக்கு ஜுரம் வந்துச்சே, அதோட நாக்கு செத்துப்போச்சு. உப்பு, உறைப்பு, இனிப்பு, ஒண்ணும் தெரியல. டாக்டர் கிட்ட போனேன். வந்தாலும் வரும், வராமலும் போகும், பழகாத தீனியா தேடிப் போட்டுப் பாருங்கன்னார். கேன்டீன்ல ருசி பார்க்க முடியாம வெறும் கை அளவுலதான் ஓட்டிட்டிருக்கேன். தெரிஞ்சா வேலை போயிடும். உன்கிட்ட சொன்னா நீ தூங்க மாட்டே.”

“அப்போ வீட்ல தினமும் பிரமாதம், பிரமாதம்னீங்களே?”

“நல்லாத்தானே இருந்திருக்கும்?”

இவரைப் போய் நாள் பூரா என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று மாஸ்டரம்மாவுக்கு இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையைப் பிடித்து மறுபடி கடைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

“ஏம்மா, அலமாரியில இருக்கற ஜாடி ஒண்ணு விடாம திறங்க. எல்லாத்துலயும் இவருக்கு ஒரு ஸ்பூன் குடுங்க. வாங்கறதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்!”